உயில் நமக்கும் வேண்டும்

(தொழிலாளர் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயில் என்றதும் நம் மக்கள் இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, "என்னிடம் என்ன இருக்கிறது எழுதி வைக்க? அதெல்லாம் டத்தோக்களுக்கு." இன்னொன்று, "நல்லா இருக்கும்போது சாவைப் பற்றிப் பேசாதே."

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பாருங்கள். கடன் கட்டி முடித்த மலிவு விலை வீடு. இ.பி.எப். பணம். ஒரு கார், மோட்டார் சைக்கிள். கொஞ்சம் நகை. தோட்டத்தில் இருந்த காலத்தில் அப்பா வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்கு. இத்தனையும் சொத்துதான். முப்பது வருடம் ஓவர்டைம் செய்து சேர்த்தது.

நீங்கள் உயில் எழுதாமல் போனால் இந்தச் சொத்தை யார் பிரிப்பது? 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரிக்கும். நான் இங்கே சொல்வது தீபகற்ப மலேசியாவில் உள்ள முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பொருந்தும்.

ஒரு லோரி ஓட்டுநர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேரில் 120,000 ரிங்கிட் மதிப்புள்ள வீடு இருக்கிறது. வயதான தாயார், மனைவி, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். உயில் இல்லை. சட்டப்படி தாயாருக்குக் கால் பங்கு, 30,000. மனைவிக்குக் கால் பங்கு, 30,000. பிள்ளைகளுக்குப் பாதி, 60,000. தாயார் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. எப்படியும் வீடு மனைவிக்கு முழுதாக வராது. பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே இருந்தால், அவசரத்துக்கு வீட்டை விற்கக்கூட நீதிமன்ற அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

இதுகூடப் பரவாயில்லை. நம் சமுதாயத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. சட்டம் "மனைவி" என்றும் "பிள்ளை" என்றும் சொல்வது ஆவணத்தில் இருப்பவர்களைத்தான்.

கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, தேசியப் பதிவிலாகாவில் பதியாமல் விட்ட கல்யாணங்கள் நம்மிடம் எத்தனை! 1982 மார்ச் 1-க்கு முன் நம் வழக்கப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பதிய வேண்டும். பதியாத கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பதில் நீதிமன்றங்கள் இரு விதமாகவும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. புருஷனைப் பறிகொடுத்த அம்மா, தான் மனைவிதான் என்று வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். அதில் தோற்றால் அவர் பங்கு மட்டும் போகாது. தகப்பன் சொத்தில் பிள்ளைகளின் பங்கும் போய்விடும்.

வளர்ப்புப் பிள்ளைக்கும் இதே கதிதான். அக்கா பிள்ளையைத் தூக்கி வளர்த்திருப்பீர்கள். 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. பதிவிலாகாவில் தத்தெடுப்பைப் பதிந்தது மட்டும் போதாது. "அப்பா, அப்பா" என்று கூப்பிட்ட பிள்ளைக்கு ஒரு காசு வராது.

இவர்கள் எல்லாருக்கும் உயில்தான் பாதுகாப்பு. உயிலில் பெயர் எழுதினால், பதிவு இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழாது. பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தெளிவாக எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? 1959-ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது கொஞ்சம்தான்.

1. உங்களுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். தெளிந்த புத்தியோடு எழுத வேண்டும். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். கையால் எழுதினாலும் செல்லும். முத்திரைத்தாள் தேவையில்லை.

2. இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடன் இருக்க, நீங்கள் முடிவில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு சாட்சிகள் உங்கள் முன்னால் போட வேண்டும். கையெழுத்துத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். அப்போது உயிலைத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டார் என்று அதிலேயே எழுதி வையுங்கள்.

3. சொத்து பெறுபவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதியது செல்லாது. மகளுக்கு வீட்டை எழுதிவிட்டு மருமகனைச் சாட்சியாக வைக்காதீர்கள். அண்டை வீட்டுக்காரர் போதும்.

4. உயிலை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரை நியமியுங்கள். மனைவியாகவே இருக்கலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் காப்பாளர் யார் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும். ஆகவே கல்யாணத்தைப் பதியாதவர்கள் முதலில் பதியுங்கள். அதன் பிறகு உயில் எழுதுங்கள். வரிசை மாறக் கூடாது. விவாகரத்து உயிலை ரத்து செய்யாது. பிரிந்தவர்கள் புதிதாக எழுத வேண்டும்.

அடுத்தது இ.பி.எப். இந்தப் பணம் உயில்படி போகாது. நீங்கள் யாரை நியமனதாரராகப் பெயர் கொடுத்தீர்களோ அவருக்குத்தான் போகும். முதல் வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ கொடுத்திருப்பீர்கள். கல்யாணமாகி இருபது வருடம் ஆனபிறகும் மாற்றியிருக்க மாட்டீர்கள். போய்ப் பார்த்து மாற்றுங்கள்.

உயில் இருந்தால் எல்லாம் இலவசம் என்று நான் சொல்லமாட்டேன். உயர்நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும், செலவு உண்டு. உயில் இல்லாமல் வீடு நிலம் இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் நில அலுவலகத்தில் மனுச் செய்யலாம். ஆனால் வாரிசுகள் அனைவரையும் விசாரணைக்கு அழைப்பார்கள். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் இழுபறிதான். மரண வரி 1991-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. "அரசாங்கம் பாதியை எடுத்துக்கொள்ளும்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

கடைசியாக, இன்னும் தாத்தா பெயரிலேயே கிராண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலவரி கட்டாமல் விட்டால் நோட்டீஸ் செத்தவர் பெயருக்குத்தான் வரும். அப்படியே விட்டால் நிலத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டபோது நம் மக்கள் வெறுங்கையோடு வெளியேறினார்கள். அது மற்றவர்கள் செய்தது. கையில் இருக்கும் வீட்டை நாமே நழுவ விடலாமா?

இன்று வீட்டுக்குப் போனதும் கிராண்ட், கல்யாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இ.பி.எப். நியமனம் நான்கையும் எடுத்து மேசை மேல் வையுங்கள். எது இல்லை என்று பாருங்கள். இல்லாததை இந்த மாதமே தேடி வாங்குங்கள். பிறகு உயில் எழுதுங்கள். எழுதி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.