நாணத்தால் மறைக்கும் நோய்

இப்பொருள் வானொலியிற் பேசத் தக்கதுதானா என்று உங்களுட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். முகஞ் சுளிப்பவர் வீட்டிலேயே இந்நோயால் வருந்துபவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதனாலேயே பேசத் துணிந்தேன். இருமினாலும் தும்மினாலும் வாய்விட்டுச் சிரித்தாலும் தம்மை மீறிச் சிறுநீர் கசியும் பெண்களைப் பற்றியது இப்பேச்சு.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் நெடுஞ்சாலையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே உள்ளது பெரியகல்லாறு. அங்கே எனக்குப் பெரியம்மா முறையானவர் ஒருவர், ஐந்து மக்களைப் பெற்றவர், வைகாசியிற் கண்ணகியம்மன் குளிர்த்திச் சடங்கிற்குச் செல்வதை நிறுத்திவிட்டார். கால் நோவு என்றார். பின்னர் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறுவதையும் விட்டார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். எங்கள் ஊர் வெயிலில் அது எத்துணைத் தீங்கு! நீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும், மலம் இறுகும், முக்கி முக்கிக் கழிப்பதால் தசை மேலும் தளரும். உண்மையை உய்த்துணர்ந்து நான் வினவியபோது, "இது வயதுக்கு வாறதுதானே, மகள்" என்றார்.

எங்கள் பகுதியில் மணமான பெண் தாயின் வளவிலேயே வாழ்வது வழக்கம். மாப்பிள்ளைதான் அங்கு வந்து சேர்வார். ஆகவே தாயும் மகளும் ஒரே கிணற்றடியில் துணி துவைக்கின்றனர். இரண்டாம் பிள்ளை பெற்ற நாள்தொட்டு மகளுக்கும் அதே தொல்லை இருந்தது. ஒருவர் துணியை மற்றவர் கண்டிருப்பர். ஆயினும் ஒருவரோடொருவர் பேசியதில்லை.

வயதும் ஒரு காரணமே. எனினும் முழுக் காரணம் அதுவன்று. இடுப்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை, ஏணைத் துணிபோல ஒரு தசைத் தொகுதி கட்டப்பட்டுள்ளது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுவே. பிள்ளைப்பேற்றில் அது பெரிதும் இழுபடுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி ஆக்குகிறோம், வெந்நீர் வார்க்கிறோம், வயிற்றைத் துணியாற் கட்டுகிறோம், இத்தசையை நினைப்பாரில்லை.

1948இல் ஆர்னல்ட் கெகல் என்னும் அமெரிக்கப் பெண்நோய் வைத்தியர், பயிற்சியால் இத்தசைக்கு வலுவூட்டலாம் என எழுதினார். வாயாற் சொல்வது மட்டும் போதாது என்றுணர்ந்து, தசை இறுகுவதை முள் அசைந்து காட்டும் கருவியொன்றையும் அமைத்தார். அவர் ஐயம் நியாயமே. சொல்லக் கேட்டு மட்டும் செய்யும் பெண்களிற் பலர் இழுப்பதற்கு மாறாகக் கீழ்நோக்கி முக்கிவிடுகின்றனர்.

செய்முறை இதுதான். குடற்காற்று வெளியேறாது அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்கி, அவ்விறுக்கத்தை முன்பக்கமாகவும் மேல்நோக்கியும் இழுக்கவேண்டும். மூச்சை அடக்கலாகாது, தொடையும் பிட்டமும் இறுகலாகாது. சில விநாடி பிடித்து, அதேயளவு நேரம் முற்றாகத் தளர்த்துக. ஒரு வேளைக்கு எட்டு அல்லது பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. பிடிக்கும் நேரத்தைப் பத்து விநாடி வரை சிறிது சிறிதாகக் கூட்டலாம். இருமல் வருமுன்னும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குமுன்னும் இவ்வாறே இறுக்கிக்கொள்க. சிறுநீர் கழிக்கையில் இடையிடையே நிறுத்திப் பழகுவது நன்றன்று. பை முழுதும் வெறுமையாகாது. மூன்று மாதமேனும் விடாது செய்யாமற் பயனில்லை என்று கூறுவது முறையன்று.

எரிவு, குருதி, கீழே ஏதோ இறங்கும் உணர்ச்சி, ஓயாத நோவு இவற்றுள் ஒன்று இருந்தால் முதலில் வைத்தியரைக் காண்க. தசை தளராது மிகையாக இறுகிய பெண்களும் உளர். அவர்க்கு இப்பயிற்சி தீங்காகும். கூச்சமுடையோர் வீடு தேடி வரும் மருத்துவ மாதிடம் முதலிற் கூறலாம். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ செல்பவர், இயன்மருத்துவரிடம் அனுப்புமாறு தாமே கேட்கலாம். சுக்கிலச் சுரப்பி அறுவைக்குப்பின் கசிவுறும் ஆண்களுக்கும் இப்பயிற்சி உண்டு.

பெரியம்மாவும் மகளும் விளக்கு வைத்தபின் பாயில் அமர்ந்து ஒன்றாகவே பழகினர். மகளுக்கு நான்காம் மாதத்திற் கசிவு நின்றது. தாய்க்குப் பாதிதான் குறைந்தது. நெடும்பயணத்திற்கு மாற்றுச் சேலையொன்று இன்றும் எடுத்துச் செல்கிறார். சென்ற வைகாசியிற் குளிர்த்திக்கு அச்சேலையுடனேயே போய், விடியும்வரை அமர்ந்திருந்து வந்தார்.