வகுப்பறையே ஆய்வுக்கூடம்



கதையும் நாடகமும் படிப்பைக் கெடுக்கும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். குஜராத்தில் பாவநகரைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா அவ்வாறு எண்ணவில்லை. வக்கீல் தொழிலை விடுத்து ஆசிரியரான அப்பெரியார், 1920-ஆம் ஆண்டில் அந்நகரில் 'பால மந்திர்' என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார்.

'திவாஸ்வப்னா', அதாவது பகற்கனவு என்பது அவர் எழுதிய கதைநூல். அதில் வரும் ஆசிரியர், கல்வி அதிகாரியின் இசைவு பெற்று, நான்காம் வகுப்பையே ஆய்வுக்கூடமாக்குகிறார். முதல் நாள் அவர் திட்டம் பலிக்கவில்லை; பிள்ளைகள் கூச்சலிடுகின்றனர். அவர் பிரம்பை எடுக்கவில்லை; திட்டத்தையே மாற்றிக் கதை சொல்கிறார். வகுப்பு அடங்குகிறது. நாளடைவில் பிள்ளைகள் தாமே நூல்களை நாடுகின்றனர், நாடகமும் நடிக்கின்றனர். இவ்வாறு பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கி, முறையைத் திருத்திக்கொள்வதே ஆசிரியரின் ஆராய்ச்சி. இதற்குப் பெரும் பட்டம் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

நம் காலனிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர், படிக்கவோ தயங்குகின்றனர். நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், எழுத்துப் பயிற்சிக்கு முன் அரைமணி நேரம் கதைக்கும் நடிப்புக்கும் ஒதுக்குவோம். எந்தப் பிள்ளை எதனால் வாய் திறந்தது என்று ஆசிரியர் குறித்து வரட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அக்குறிப்பேட்டை இம்மேடையில் படிப்போம். மார்க்குப் பட்டியல் காட்டாத வளர்ச்சியை அது காட்டும்.