யாருடைய அனுபவம்?

(தென்காசியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



1970-இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு மட்டும் 75 மார்க். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல்திறன், பொதுத்திறமை, நாட்டம் என்று தலைப்புகள். பெரியகருப்பன் வழக்கில் உச்சநீதிமன்றம் பார்த்தபோது, தலைப்புவாரியாகப் போடாமல் மொத்தமாக மார்க் போட்டிருந்தது தெரிந்தது.

அந்த மார்க் யாருக்குப் போகும்? மைதானம் இருக்கிற பள்ளிக்கூடத்துப் பையனுக்கு. குற்றாலம் சீசன்ல, அருவிக்கரையில எண்ணெய் தேய்ச்சுவிடுற அப்பனுக்குத் துணையா நிக்கிறான் நம்ம சேரிப் பையன். உடம்பு எங்க நோகும்னு அவன் கைக்குத் தெரியும். பீடி சுத்துற அம்மா இருமினா, ராத்திரியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடுறா நம்ம பொண்ணு. இதெல்லாம் ‘சேவை’க் கணக்குல வராது. பொழப்புன்னு தள்ளிருவாங்க.

1984-இல் நுழைவுத்தேர்வு வந்தது. அது போய், 2017-இல் நீட். நேர்முகம் உக்காந்த இடத்துல கோச்சிங் காசு உக்காந்துக்கிச்சு. 1200-க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதாவுக்கு இடமில்லை, செத்துப்போனாள்.

நீட் ஒழியணும். ஆனா அதுக்குப் பதிலா நேர்முகம் வேணும்னு யாராவது வந்தா, ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த அனுபவத்துக்கு மார்க்? அதைப் போடுற நாற்காலியில யாரு?