3–3: செல்ஹர்ஸ்ட் பார்க் சமநிலையும் ரசிகரின் கணக்கும்

கால்பந்து லீக் போட்டிகளில் வெற்றி யாருக்கு மகிழ்ச்சி, தோல்வி யாருக்கு வருத்தம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் இரு அணிகளும் சம எண்ணிக்கையில் கோல் அடித்து ஆளுக்கு ஒரு புள்ளியோடு பிரிகிற சமநிலை மட்டும், அதே மைதானத்தில், அதே நொடியில், ஒரு பக்கத்து ரசிகரைத் துள்ள வைத்து மறுபக்கத்து ரசிகரைத் தலையில் கைவைத்து உட்காரச் செய்ய வல்லது. அதிலும் எதிரணியின் ஊருக்குப் போய் அவர்களுடைய மைதானத்தில் ஆடும் வெளியூர் ஆட்டத்தில் கிடைக்கும் சமநிலை ஒரு காலத்தில் நல்ல வரவாகக் கருதப்பட்டது. இன்று பட்டத்துக்குப் போட்டியிடும் அணியின் ரசிகர் அதைப் பெரும்பாலும் செலவுக் கணக்கிலேயே எழுதுகிறார். இந்த மனநிலையை ஆராய்வதற்கு, 2014 மே 5 அன்று லண்டனின் தென்பகுதியிலுள்ள செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில் கிரிஸ்டல் பேலஸ், லிவர்பூல் ஆகிய அணிகளுக்கிடையே நடந்து 3–3 என்று முடிந்த ஆட்டம் மிகப் பொருத்தமான சான்றாகும்.

முதலில் புள்ளி முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்து லீக்கில் வெற்றிக்கு 2 புள்ளியும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கும் பழைய முறை 1981 வரை இருந்தது. ஆண்டுக்கு 42 ஆட்டங்கள் நடந்த அக்காலத்தில், சொந்த ஊரில் 21 ஆட்டங்களையும் வென்று வெளியூரில் 21 ஆட்டங்களையும் சமன் செய்கிற ஓர் அணி 63 புள்ளிகளைச் சேர்க்கும். 1975இல் டார்பி கவுன்ட்டி 53 புள்ளிகளுடனும் 1976இல் லிவர்பூல் 60 புள்ளிகளுடனும் பட்டம் வென்றதை எண்ணினால், ‘ஊரில் வெற்றி, வெளியில் சமநிலை’ என்ற அக்காலப் பாடம் கோழைத்தனம் அன்று, நல்ல கணக்கே என்பது விளங்கும். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து பின்னர் தொலைக்காட்சி வழியே புகழ்பெற்ற ஜிம்மி ஹில் வலியுறுத்தியதன் பேரில், 1981–82 பருவம் முதல் வெற்றிக்கு 3 புள்ளிகள் என்று விதி மாறியது. இப்போதைய 38 ஆட்ட லீக்கில் அதே பழைய பாடத்தைப் பின்பற்றும் அணி 57உம் 19உம் சேர்த்து 76 புள்ளிகளையே எட்டும்; அண்மைக் காலத்தில் பட்டம் வெல்ல அது பெரும்பாலும் போதுவதில்லை. சமநிலை என்பது பாதி வெற்றியாக இருந்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ரசிகரின் சலிப்புக்கு இந்தச் சட்ட மாற்றம் ஒரு காரணம்.

2014 ஏப்ரல் 27க்கு முன்புவரை லிவர்பூல் தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களை வென்றிருந்தது. 1990க்குப் பின் அதுவரை லீக் பட்டத்தையே காணாதிருந்த ஊர் அது. ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் உயிரிழந்தவர்களின் 25ஆம் நினைவாண்டும் அந்த ஏப்ரலிலேயே வந்ததால், பட்டக் கனவோடு துக்க நினைவும் பின்னிக்கிடந்தது. ஏப்ரல் 27 அன்று சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில், அணித்தலைவர் ஸ்டீவன் ஜெரார்ட் பந்தைத் தவறவிட்டு வழுக்கி விழ, செல்சி அணியின் டெம்பா பா அதை எடுத்துச் சென்று கோலாக்கினார். லிவர்பூல் 0–2 என்று தோற்றது. இதன் பின்னர் 36 ஆட்டங்களின் முடிவில் மான்செஸ்டர் சிட்டியும் லிவர்பூலும் தலா 80 புள்ளிகளில் நின்றன. புள்ளிகள் சமமானால் ‘கோல் வித்தியாசம்’, அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் எண், முடிவைத் தீர்மானிக்கும். அந்த எண் சிட்டிக்கு 59, லிவர்பூலுக்கு 50. இந்த ஒன்பது கோல் இடைவெளியே செல்ஹர்ஸ்ட் பார்க்கில் நிகழ்ந்த அனைத்துக்கும் விதையாயிற்று.

ஆட்டத்தின் 55ஆம் நிமிடத்தில் லூயிஸ் சுவாரஸ் லிவர்பூலின் மூன்றாவது கோலை அடித்தபோது வெற்றி உறுதி என்றே தோன்றியது. சுவாரஸ் பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓடினார். இன்னும் நான்கு, ஐந்து கோல்களை அடித்து வித்தியாசத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணம் அணி முழுவதையும் பற்றிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் பிரெண்டன் ராஜர்ஸின் ஆட்டமுறை ஏற்கெனவே தாக்குதலை நம்பியது. அன்று இருபுறப் பின்கள ஆட்டக்காரர்களும் முன்னேறிச் சென்றதால் பின்னால் பெருவெளி திறந்து கிடந்தது. 79ஆம் நிமிடத்தில் பேலஸின் டேமியன் டிலேனி தொலைவிலிருந்து அடித்த பந்து தடுப்பவர்மேல் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. இரண்டே நிமிடத்தில் யானிக் பொலாசி நெடுந்தூரம் பந்தை ஓட்டிச் சென்று கொடுக்க, மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த டுவைட் கேல் அடித்தார். 88ஆம் நிமிடத்தில், கிளென் மர்ரி நெஞ்சில் தாங்கி இறக்கிய பந்தைக் கேல் மீண்டும் கோலாக்கினார். அந்த ஆண்டு லிவர்பூல் 101 கோல்களை அடித்து 50 கோல்களை வாங்கிய அணி என்பதால், இந்தச் சரிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. பருவம் முழுவதும் கோல் மழைக்கு அடியில் மறைந்திருந்த ஓட்டையே அந்தச் சில நிமிடங்களில் வெளியே தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் சுவாரஸ் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுததும், நெருங்கிவந்த படக்கருவியை ஜெரார்ட் கையசைத்து விலக்கியதும் உலகெங்கும் தொலைக்காட்சியில் தெரிந்தன. தெரியாமற்போனவர் வெளியூர் ரசிகர். பிரீமியர் லீக் மைதானங்களில் விருந்தினர் அணியின் ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகளோ, சிறிய மைதானமாயின் மொத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ தனியே ஒதுக்கப்படும். எஞ்சிய ஒன்பது பங்கின் ஆரவாரம் சூழ, அந்தச் சிறு பகுதிக்குள் நின்றுதான் அவர் எதையும் அனுபவிக்க வேண்டும். அன்று திங்கட்கிழமை, இரவு 8 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் முடிந்தபின் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைப் பயணம் அவருக்குக் காத்திருந்தது. தோற்றவருக்காவது திட்டித் தீர்க்க ஒரு தோல்வி இருக்கிறது. சமநிலையோடு திரும்புபவருக்கோ கையில் ஒரு புள்ளி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே அவரது தொல்லை.

இந்த மனவேதனைக்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, மனிதர் எதையும் அதன் இறுதி அளவைக் கொண்டு மதிப்பதில்லை. தம் மனத்தில் முன்பே நிலைகொண்ட ஓர் ஒப்பீட்டுப் புள்ளியிலிருந்து ஏறியதா இறங்கியதா என்றே மதிக்கின்றனர், மேலும் ஒரே அளவான வரவையும் இழப்பையும் எடைபோடும்போது இழப்பே கனமாகத் தெரிகிறது. ஆட்டம் தொடங்கும்போது லிவர்பூல் ரசிகரின் ஒப்பீட்டுப் புள்ளி 0–0 ஆக இருந்திருக்கலாம். 55ஆம் நிமிடத்தில் அது 3–0க்கு நகர்ந்துவிட்டது. அதன்பின் வந்த சமநிலையை அவர் தொடக்கத்திலிருந்து அளக்கவில்லை, உச்சத்திலிருந்தே அளந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீரர்களின் முகபாவங்களை ஆராய்ந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு, வெண்கலம் பெற்றவர்கள் வெள்ளி பெற்றவர்களைவிட மகிழ்ச்சியாகத் தோன்றினர் என்று கண்டதும் இவ்வகையிலேயே அடங்கும்: வெள்ளி பெற்றவர் கைநழுவிய தங்கத்தை நினைக்கிறார், வெண்கலம் பெற்றவரோ ஒன்றுமில்லாமற் போயிருக்கக்கூடிய நிலையை நினைக்கிறார்.

இதே லிவர்பூல் ரசிகர்கள் மறுகரையிலும் நின்றவர்கள் என்பது பேலஸ் ஆட்டத்தின் விந்தை. 2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், இடைவேளையின்போது ஏசி மிலானிடம் 0–3 என்று பின்தங்கியிருந்த லிவர்பூல் ஆறு நிமிட இடைவெளியில் மூன்று கோல் அடித்துச் சமன் செய்து, பின்னர் பெனால்டி உதைகளில் கோப்பையை வென்றது. அதே 3–3, முந்தையது ஏற்றம், பிந்தையது இறக்கம். எதிரணி ரசிகர்கள் இரு பெயர்களையும் இணைத்துக் ‘கிரிஸ்தான்புல்’ என்று கேலிப்பெயர் சூட்டியதில், லிவர்பூல் ரசிகரின் மிகப் பெருமிதமான நினைவையே அவர்மீது ஆயுதமாகத் திருப்பிய குறும்பு தெரிகிறது.

இனி, கணக்கு. ‘பேலஸில் பட்டத்தைத் தொலைத்தோம்’ என்பது இன்றுவரை கேட்கும் புலம்பல். மே 7 அன்று ஆஸ்டன் வில்லாவை 4–0 என்றும் மே 11 அன்று வெஸ்ட் ஹாமை 2–0 என்றும் வென்ற சிட்டி 86 புள்ளிகளுடன் பட்டம் பெற்றது. நியூகாசிலை வென்ற லிவர்பூல் 84 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. பேலஸை லிவர்பூல் 3–0 என்றே வென்றிருந்தாலும் புள்ளிகள் 86, 86 என்று சமமாகியிருக்கும். கோல் வித்தியாசமோ சிட்டிக்கு 65, லிவர்பூலுக்கு 54. பட்டம் அப்போதும் சிட்டிக்கே போயிருக்கும். பேலஸில் லிவர்பூல் வென்றிருந்தால் சிட்டி பதற்றத்தில் இடறியிருக்கக்கூடும் என்ற மறுப்பை முற்றாக ஒதுக்க முடியாது. வில்லாவுடனான ஆட்டத்தில் இடைவேளைவரை சிட்டியால் கோல் அடிக்க முடியவில்லை என்பதும் உண்மை. ஆயினும், நான்கு புள்ளிகள் போதும் என்ற நிலையில் ஆறையும் எடுத்த அணியைப் பற்றி அப்படி ஊகிப்பது ஆசையின்பாற்பட்டது. அட்டவணையைப் பார்த்தால் பட்டம் கைமாறிய இடம் ஆன்ஃபீல்டு, செல்சி ஆட்டம்.

உண்மையிலேயே பட்டத்தைப் பறித்த வெளியூர்ச் சமநிலைகள் ஐந்தாண்டு கழித்து வந்தன. 2018–19இல் லிவர்பூல் 38 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்று 97 புள்ளிகள் பெற்றும், 98 புள்ளிகள் பெற்ற சிட்டியிடம் பட்டத்தை இழந்தது. சமன் செய்த ஏழு ஆட்டங்களில் ஐந்து வெளியூரில் நடந்தவை. அந்த ஐந்தில் ஏதேனும் ஒன்று வெற்றியாகியிருந்தாலும் 99 புள்ளிகளுடன் பட்டம் வந்திருக்கும். அவற்றுள் ஒன்று, 2019 மார்ச் 3 அன்று எவர்ட்டன் அணியின் அப்போதைய மைதானமான குடிசன் பார்க்கில் கோலின்றி முடிந்தது. ‘வெளியூர்’ என்று பெயரே ஒழிய, ஆன்ஃபீல்டிலிருந்து ஒரு பூங்காவைக் கடந்தால் வந்துவிடும் மைதானம் அது. லிவர்பூலின் முகமது சலா தனியே கோல்காப்பாளரை எதிர்கொண்ட வாய்ப்பை ஜோர்டன் பிக்ஃபோர்ட் தடுத்தார். சரிவில்லை, கண்ணீரில்லை, ஒளிபரப்பத் தக்க காட்சி ஒன்றுமில்லை. ஒரு புள்ளியை வாங்கிக்கொண்டு ரசிகர்கள் நடந்தே வீடு திரும்பினார்கள்.