கல்வெட்டும் கைதியும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "முப்பத்து நாலு வருஷம் ஜெயில்ல இருந்தீங்களே, அதைப் பத்தியே பேசிடுங்க" என்றார். பக்கத்தில் நின்றிருந்த அவர் வீட்டம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஜெயிலில் இருந்தவன். 1982-ல் உதவி ஜெயிலராகச் சேர்ந்து 2016-ல் ஓய்வு பெற்றேன்.

இப்போது பிள்ளைகள் பார்க்கிற படங்களில் விண்வெளியில் ஒரு சிறைக்கப்பல் பறக்கிறது. உள்ளே கைதிகள் இருக்கிறார்கள், அவர்களைத் திருத்தி இறக்கிவிட வார்டர்களும் இருக்கிறார்கள். வெளியே எட்டிக் குதித்தால் பூமி கிடையாது. "தாத்தா, நிஜமாவே இப்படி இருக்குமா?" என்று என் பேரன் கேட்டான். இருந்திருக்கிறது என்றேன். விண்வெளியில் இல்லை, தண்ணீரில். 1776 முதல் 1857 வரை இங்கிலாந்தில் பழைய கப்பல்களை ஆற்றிலும் துறைமுகத்திலும் கட்டிவைத்து அவற்றையே சிறையாக்கினார்கள். நம் நாட்டிலிருந்து 1858 முதல் கைதிகளைக் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பினார்கள். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை இல்லாமல் போனவர்கள் அவர்கள்.

என்னைக் கேட்டால், தரையில் கட்டிய சிறையும் கப்பல்தான். மாலையில் கணக்கு எடுத்து லாக்கப் செய்து சாவியை ஒப்படைத்த பிறகு, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியுலகம் இல்லை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே மணியோசை. கைதிக்கு மட்டுமல்ல, இரவுப் பணி வார்டருக்கும் அதேதான். "அவனுக்கு ஆயுள் தண்டனை, நமக்கு ஆயுள் உத்தியோகம்" என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம்.

அந்தக் கப்பலில் வார்டர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1908-ல் கோவைச் சிறைக்குப் போன வ.உ.சி. அங்கே செக்கிழுத்தார். அன்று சிறையின் வேலை ஆளை உடைப்பது. 1919-20-ல் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு, கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கமாக வேண்டும் என்று எழுதியது. 1925-ல் சென்னை மாகாணத்தில் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. 1936-ல் நன்னடத்தைச் சட்டம் வந்தது. இன்று எங்கள் துறைக்குப் பெயரே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. ஆனால் சட்டம் எழுதியதால் மட்டும் யாரும் திருந்திவிடுவதில்லை. பக்கத்தில் ஒரு மனிதன் நிற்க வேண்டும்.

அப்படி நின்றவர்களில் எனக்குப் பிடித்தவர் அலெக்சாண்டர் மெக்கனாக்கி. அவர் கப்பற்படைக் கேப்டன். தானே போர்க் கைதியாக பிரான்சில் அடைபட்டுக் கிடந்தவர். 1840-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவுச் சிறைக்குப் பொறுப்பேற்றார். சவுக்கடிக்குப் பேர் போன இடம் அது. ஒழுங்காக உழைத்தால் மதிப்பெண், மதிப்பெண் சேர்ந்தால் விடுதலை என்று கணக்கை மாற்றினார். அந்த ஆண்டு விக்டோரியா ராணியின் பிறந்தநாள் கொண்டாட்டத்தன்று சிறைக் கதவுகளைத் திறந்து, போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று விட்டார். மாலையில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். மேலதிகாரிகளுக்குத்தான் பொறுக்கவில்லை. 1844-ல் அவரை மாற்றிவிட்டார்கள். இன்று நம் சிறைகளில் நன்னடத்தைக்காகத் தண்டனை நாட்களைக் குறைக்கிறோமே, அந்த எண்ணத்தின் முன்னோடிகளில் அவர் ஒருவர்.

நம்ம ஊருக்கு வருவோம். 1975-ல் "பல்லாண்டு வாழ்க" வந்தபோது நாம் பி.யூ.சி. எம்.ஜி.ஆர். ஜெயில் அதிகாரியாக ஆறு கொலைக் கைதிகளை அழைத்துப் போய்த் தரிசு நிலத்தில் விவசாயம் செய்ய வைப்பார். டிக்கெட் கிடைக்காமல் திரும்பிய கதை இங்கே பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அது 1957-ல் சாந்தாராம் எடுத்த இந்திப் படத்தின் தமிழ் வடிவம். அந்த இந்திப் படத்துக்கு மூலம், இன்றைய மகாராஷ்டிரத்தில் அன்று இருந்த அவுந்த் சமஸ்தானத்தில் நடத்திப் பார்த்த திறந்தவெளிச் சிறை. நடந்ததைத்தான் படமாக்கினார்கள். ராஜஸ்தானில் சாங்கானேரில் 1963 முதல் கைதிகள் குடும்பத்தோடு குடியிருந்து வெளியே வேலைக்குப் போய் வருகிறார்கள். நம் மாநிலத்திலும் கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பிலும் திறந்தவெளிச் சிறைகளில் கைதிகள் மண்ணில் வேலை செய்கிறார்கள்.

ஒருவர் கதையை மட்டும் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். நம் உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர். 1980-களின் கடைசியில் ஒரு கோடை. ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீர்த் தகராறு. இரவில் மடையைத் திருப்பியது யார் என்று வாய்ச்சண்டையில் ஆரம்பித்து, கையில் இருந்த மண்வெட்டியில் முடிந்தது. ஆயுள் தண்டனை. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை.

நான் வேலை பார்த்த சிறைக்கு வந்தபோது அவர் யாரோடும் பேசமாட்டார். மனு பார்க்க மனைவி வந்தாலும் கம்பிக்கு அந்தப்பக்கம் தலை குனிந்தே நிற்பார். எங்களிடம் ஒரு தலைமைக் காவலர் இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். அவர்தான் சொன்னார்: "சார், இவன் கையில ஏதாவது வளர்றதைக் கொடுங்க." சிறைக்குள் கீரைத் தோட்டம் இருந்தது. அங்கே அனுப்பினோம். தோட்டத்துக்கு மண்வெட்டி வேண்டுமே! எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் சாமான் அது. தலைமைக் காவலர் தன் பொறுப்பில் அதை அவர் முன்னால் வைத்தார். மூன்று நாள் தொடவில்லை. வெறும் கையாலேயே களை பிடுங்கினார். நாலாம் நாள் எடுத்துப் பாத்தி கட்டினார். தலைமைக் காவலர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பிரிக்கிற வேலை முழுக்க அவரிடமே வந்தது. ஒருநாளும் ஒரு பாத்தியும் காய்ந்ததில்லை.

எல்லா வார்டரும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. கை நீட்டுகிறவர்களும் இருந்தார்கள், காசு கேட்கிறவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு சிறையில் இப்படி நாலு பேர் இருந்தால் போதும், அந்தக் கப்பல் மூழ்காது.

அவர் உள்ளேயே எழுதப் படிக்கக் கற்றுப் பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதினார். 1998-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பிடித்தத்தைப் பற்றிப் பலர் முணுமுணுத்தார்கள். இவர், "அந்த வீட்டுக்குப் போகுதாய்யா? போகட்டும்" என்றார். கொல்லப்பட்டவரின் வீட்டுக் கண்ணீரை மறந்துவிட்டு நான் பேசவில்லை. அந்த வீட்டை நினைக்காதவன் திருந்தியவன் ஆகமாட்டான்.

ஆயுள் கைதி குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்பது 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த விதி. அதற்கு மேலும் சில மாதம் இருந்துவிட்டு அவர் வெளியே வந்தார். இங்கேதான் விஷயம் இருக்கிறது. உள்ளே இருந்தவரை அவரைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருந்தோம். வெளியே?

டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்தார்கள். நடவுக்குக் கூப்பிடவில்லை. மடைப்பக்கம் வரக்கூடாது என்றார்கள். நாட்டுக்காகச் சிறை போன வ.உ.சி.யே 1912-ல் விடுதலையாகி வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. இவரை யார் கேட்கப் போகிறார்கள்? "உள்ளேயே இருந்திருக்கலாம்யா" என்று என்னிடம் சொன்னார். 2009-ல் சென்னையில் பழைய மத்திய சிறையை இடிப்பதற்கு முன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். காலியான செல்லைப் பார்க்க அவ்வளவு கூட்டம்! அதே செல்லில் இருந்துவிட்டு வந்தவன் தெருவில் நடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்குப் போவோம். நான் வரலாறு படித்தவன், விடமாட்டீர்கள் என்று தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல் என்று உலகமே பேசுகிறது. யார் நிற்கலாம் என்பதைச் சொல்லிவிட்டு, யார் நிற்கக்கூடாது என்பதைத்தான் அதில் நீளமாக எழுதியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது. அவன் உறவினர்களும் கூடாது. பிறர் பொருளைத் திருடியவன் கூடாது. இதெல்லாம் நமக்குத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. சில குற்றங்களைச் செய்தவர்கள் பிராயச்சித்தம் செய்து சுத்தமானாலும் சரி, சாகும்வரை அவர்கள் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது என்கிறது கல்.

படித்த காலத்தில் இது எனக்குச் சாதாரண வரியாகத்தான் இருந்தது. வேலைக்குப் போன பிறகு உறுத்தியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கல் அவனை வாரியத்துக்குத்தான் வரக்கூடாது என்றது. ஊர்ப் பணம், ஏரி, தோட்டம் எல்லாம் வாரியத்தின் கையில் இருந்தன. அங்கே கண்டிப்பு வேண்டும்தான். இன்றைய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்கூட இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலையாகி 6 ஆண்டு கழியும்வரை தேர்தலில் நிற்கக்கூடாது என்கிறது. ஆக, இன்றைய சட்டம் அந்தக் கல்லைவிடக் கொஞ்சம் இளகியிருக்கிறது. நாம் இளகவில்லை. கல் வாரியத்தில்தான் இடம் இல்லை என்றது. நாம் டீக்கடை பெஞ்சிலேயே இடம் இல்லை என்கிறோம்.

அந்த மனிதரைக் கடைசியில் கரை சேர்த்தவர் ஒரு ரைஸ் மில் முதலாளி. நம் கல்லூரி மாணவர்தான், இந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் என்னோடு பேசமாட்டார். இரவுக் காவலுக்கு வைத்து, மில் சாவியைக் கையில் கொடுத்தார். சாவி கொடுத்த செய்தி ஊரில் பரவியதும் பெஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கிடைத்தது. ஆனால் ஒன்று. கொல்லப்பட்டவரின் வீடு இருக்கும் தெரு வழியாக அவர் இன்றும் நடப்பதில்லை. சுற்றிக்கொண்டுதான் மில்லுக்குப் போகிறார். யாரும் போடாத கட்டளை, அவரே போட்டுக்கொண்டது.

கடைசியாகச் சங்கத்துக்கு மூன்று விண்ணப்பம்.

ஒன்று. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள், தீர்ப்பே ஆகாதவர்கள். ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் கிடப்பவர்களும் அவர்களில் உண்டு. நம்மில் வக்கீல்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெயர் கொடுத்து ஆளுக்கு ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு. வீட்டில் படித்து முடித்த புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் சிறை நூலகத்துக்குக் கொடுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு அங்கே இரவு மிக நீளம்.

மூன்று. நம் சங்கம் ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. அந்தப் படிவத்தில் "தந்தையின் தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. இதே மாதிரி ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டுதான் அவர் மகள் பிளஸ் டூ முடித்ததும் மனு பார்க்க வந்தாள். "என்னப்பா எழுதறது?" என்று கேட்டாள். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "விவசாயம்னு எழும்மா. இங்க தோட்டத்துல அதைத்தானே செய்றேன்" என்றார். அந்தப் பெண் படித்து இன்று செவிலியராக இருக்கிறாள்.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படி எழுத ஒரு தோட்டம் இருக்காது. பிள்ளையின் மதிப்பெண் தெரிந்தால் போதும், குடும்ப வருமானம் தெரிந்தால் போதும். கணக்குக் காட்டாதவனின் உறவினரையும் ஒதுக்கிய கல்வெட்டு நம் ஊரில் இருக்கிறது. தண்டனை பெற்றவனின் பிள்ளையை ஒதுக்காத ஒரு படிவமும் நம்மிடம் இருக்கட்டும். இந்த ஆண்டு அச்சடிக்கும்போது அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.