வருமான வரி எண் எதற்கு?



விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால்மரம் வெட்டி, நாட்சம்பளம் வாங்கிய நம் பெற்றோர் காலத்தில் வருமான வரி என்பது துரைமார்களின் கவலையாக இருந்தது. இன்று நிலைமை வேறு. தந்தை செம்பனைக் காட்டில் வேலை செய்கிறார். மகன் தொழிற்சாலையிலும் மகள் அலுவலகத்திலும் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டில் 'பி.சி.பி.' என்று ஒரு பிடித்தம் இருக்கக் காண்கிறோம். அதுதான் மாதாந்திர வரிக் கழிவு. ஆகவே, வருமான வரி எண்ணைப் பற்றி இன்று நாம் தெரிந்துகொள்வோம்.

எண் என்பது என்ன? உள்நாட்டு வருமான வரி வாரியம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுக்கும் அடையாளம் அது. அடையாள அட்டை எண் வேறு, இது வேறு. தனிநபருக்குரிய எண் முன்பு எஸ்.ஜி. அல்லது ஓ.ஜி. என்று தொடங்கியது, 2023 முதல் ஐ.ஜி. என்று தொடங்குகிறது. கணவனுக்கு ஓர் எண், மனைவிக்கு ஓர் எண். ஒருவருக்கு ஓர் எண்தான். முன்பு வேலை செய்த இடத்திலேயே நம்மைப் பதிந்திருக்கவும் கூடும். எனவே, புதிதாகப் பதியுமுன் ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பதிந்தால் வரி கட்டச் சொல்வார்களே!" என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணமாகாத இளைஞர் ஒருவரின் ஓராண்டுச் சம்பளம், ஓவர்டைமும் சேர்த்து, 40,800 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்காக 4,000 வெள்ளியும், தனிநபர் கழிவாக 9,000 வெள்ளியும் கழியும். மீதி 27,800 வெள்ளி. அதில் முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 15,000 வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் 150 வெள்ளி. எஞ்சிய 7,800 வெள்ளிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் 234 வெள்ளி. ஆக, 384 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆகவே, அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை!

ஆனால், ஓவர்டைம் கூடிய சில மாதங்களில் அவர் சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் என்ன ஆகும்? அது அவருடைய பணம். எண்ணைக் கொண்டு ஆண்டுக் கணக்கைக் காட்டினால்தான் அது திரும்பி வரும். பயந்து ஒதுங்கியவருக்கு நட்டம்தான். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருந்தும் கணக்குக் காட்டாமல் விட்டால், 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி அபராதமும் உண்டு.

சரி, எண்ணைப் பெறுவது எப்படி? மைடெக்ஸ் என்னும் இணையத்தளத்தில் 'இ-டாஃப்தார்' என்ற பகுதி இருக்கிறது. அதில் விவரங்களை நிரப்பி, அடையாள அட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்பலாம். இணையம் கைவராதவர்கள் அடையாள அட்டையோடு அருகிலுள்ள வரி வாரிய அலுவலகத்துக்கு நேரில் போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. "நான் எடுத்துத் தருகிறேன், ஐம்பது வெள்ளி கொடு" என்பவரிடம் ஏமாற வேண்டாம். எண் கிடைத்ததும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு அதையும் எழுதிப் பத்திரப்படுத்துவோம்.

எண்ணோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முதலாளி பிப்ரவரி முடிவதற்குள் இ.ஏ. பாரம் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். முதன்முறை கணக்கைத் திறக்க 'பின்' எண் தேவை. அதை வரி வாரிய அலுவலகத்திலும் பெறலாம். சம்பளம் வாங்குவோர் பி.இ. பாரத்தை அடுத்த ஆண்டு ஏப்ரல் 30க்குள்ளும், கடை போன்ற சொந்தத் தொழில் செய்வோர் பி. பாரத்தை ஜூன் 30க்குள்ளும் நிரப்ப வேண்டும். பணம் திரும்பி வருவதற்கு நம் வங்கிக் கணக்கு எண்ணைப் பிழையில்லாமல் கொடுக்க வேண்டும். பெற்றோரின் மருத்துவச் செலவு முதலியவற்றுக்கும் வரம்புக்கு உட்பட்டு வரிக் கழிவு உண்டு. ஆனால் ரசீது வேண்டும்! ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிஸ்கட் டின் ஒன்று போதும். ஆண்டுக்கு ஓர் உறை போட்டு வைக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். பாக்கி இருக்கிறது, உடனே பணம் போடு, இல்லாவிட்டால் போலீஸ் வரும்" என்று தொலைபேசியில் மிரட்டும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். அப்படி அழைப்பு வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, வாரிய அலுவலகத்தில் நாமே விசாரிப்போம். 'பின்' எண்ணையும் கடவுச்சொல்லையும் எவரிடமும் சொல்ல வேண்டாம்.

நேயர்களே, வேலைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களுடைய சம்பளச் சீட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். பி.சி.பி. என்ற இடத்தில் தொகை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "உன் வரி எண் என்ன, தம்பி?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், அடுத்த விடுமுறை நாளிலேயே அந்த வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். உழைத்த காசின் கணக்கு நம் கையில் இருக்கட்டும்.