ஏரிக்கு வசூல், கணக்கு யார் பேர்ல?

சொந்த ஊர் பெரம்பலூர், அரியலூர் பக்கம், வேலை சென்னையில. ஊர் ஏரியைத் தூர்வாரணும்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அண்ணன் ஆரம்பிக்கிறார். அவரோட ஜிபே நம்பருக்கே வசூல். நீங்களும் இப்படி எதுக்காவது பணம் போட்டிருப்பீங்க. இதுக்கெல்லாம் பதிவு வேணுமா?

மகாராஷ்டிராவில பொது அறக்கட்டளைகளுக்குன்னே 1950லேர்ந்து ஒரு சட்டம், ஒரு ஆணையர் உண்டு. தமிழ்நாட்டுல எல்லாத்துக்கும் பொதுவா அப்படி ஒண்ணு இல்ல. அதனால இங்க எதுவுமே தேவையில்லன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கு. சங்கத்துல 20 உறுப்பினர் சேர்ந்தாலோ, வருஷ வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ, கட்டாயம் பதியணும். 1975ல அது பெரிய பணம். இப்ப ஒரு ஸ்டேட்டஸ் போட்டா சாயங்காலத்துக்குள்ள வந்துடும், மறுநாள் ஜேசிபி வாடகையாப் போயிடும்!

பதியறது பெரிய வேலை இல்ல. ஏழு பேர், ஒரு துணைவிதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகம். அறக்கட்டளைன்னா சார்பதிவாளர்கிட்ட பத்திரம். அதுக்கப்புறம்தான் பலர் சறுக்குறாங்க: சங்கம்னா வருஷா வருஷம் தணிக்கை பண்ணின கணக்கைத் தாக்கல் செய்யணும்.

பதியலைன்னா என்ன? பணம் மொத்தமும் அண்ணன் பான் நம்பர்ல நிக்கும். நாளைக்கு வருமான வரி நோட்டீஸ் வந்தா பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். குடுத்தவங்களுக்கு 80ஜி விலக்கும் கிடையாது.

அரியலூர்ல இதுல இன்னொரு இழப்பு இருக்கு. சுத்தி சிமென்ட் ஆலைங்க. பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கணும். அந்தப் பணத்தை வெளி அமைப்பு மூலமா செலவழிக்கணும்னா, அதுக்கு 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவோட மூணு வருஷ அனுபவமும் கேட்பாங்க. குரூப் அட்மினுக்குக் குடுக்க முடியாது.

அப்புறம் சிங்கப்பூர் மச்சான். இந்தியக் குடிமகனா இருந்து, சொந்த சேமிப்பை வங்கி வழியா அனுப்பினா பிரச்சினை இல்ல. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டார்னா அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ அனுமதி வேணும். பணமும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குலதான் முதல்ல இறங்கணும். அதனால குரூப்ல ஜிபே நம்பர் போடுறதுக்கு முன்னாடி, மச்சான்கிட்ட பாஸ்போர்ட் எந்த நாட்டோடதுன்னு கேட்டுடுங்க.